சேத அறிக்கை

ஹமில்டன். மார்ச் மாதம்.
பெய்வது மழையா பனியா என்று வானத்துக்கே தெளிவில்லை.
கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில்,
என் முன்னால் விரிந்து கிடக்கிறது ஒரு லண்டன் தெரு.
அகலம் முப்பத்தைந்து சென்டிமீட்டர், உயரம் இருபத்தைந்து.
வயது இருநூற்றுச் சொச்சம்.

ரசிக்க எனக்குச் சம்பளம் இல்லை.
கிழிசல், கறை, மடிப்பு, பூச்சி அரித்தது:
நான்கு கட்டங்கள், பென்சிலால் ஒரு கீறல்.
இந்த அறைக்குள் பேனா வரக்கூடாது.
தாளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று
டோரீன் கோவல்ச்சக் கணக்கு வைத்திருக்கிறாள்.
மே மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது,
எனக்கும், அவளுக்கும்.

ஆனால் இது சும்மா கிடக்கிற தெரு இல்லை.
மேல்மாடியில் ஒருத்தி மூத்திரச் சட்டியைக் கவிழ்த்துவிட்டாள்;
அது இன்னும் விழுந்து முடியவில்லை.
கீழே, பெட்டிப் பல்லக்கின் கதவைத் திறந்து
ஒரு கனவான் தலையை நீட்டுகிறார்,
உலகத்திலேயே தப்பான நொடியில்.
பொய்முடி பறந்து மீன்கூடைக்குள்.
எலி என்று எண்ணி நாய் அதன்மேல் பாய்கிறது.
முன்னால் சுமப்பவன் நிற்கிறான், பின்னால் சுமப்பவன் நிற்கவில்லை.
மீன்காரி இடுப்பில் கையூன்றி, வாயைப் பிளந்து.
வரைந்தவன் அந்த வாயை இரண்டு மடங்காக்கியிருக்கிறான்.
என்ன திட்டியிருப்பாள் என்று எழுதவில்லை.
எழுதவும் தேவையில்லை.
சந்தைக்குப் போன எவருக்கும் அந்த வாய் கேட்கும்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
டோரீன் கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள்.
ஏழு நிமிடம்.

நேற்று மாலை பார்ட்டன் தெருவில், பஸ் தரிப்பில்,
சாப்பாடு கொண்டு போகும் பொடியன் ஒருவன்
மின்சைக்கிளோடு சறுக்கி விழுந்தான்.
பையின் வாய் திறந்து
நூடுல்ஸ் பறந்து
நாய் பிடித்து நின்ற ஒருவரின் வெள்ளைச் சப்பாத்தில் இறங்கியது.
நாய்க்குத் திருவிழா.
நாலு பேர் கைபேசியைத் தூக்கினார்கள்.
நானும் சிரித்தேன், அதை ஒளிப்பானேன்.
அவன் எழும்பவில்லை உடனே.
முழங்காலைப் பார்க்கவும் இல்லை.
முதலில் பையைத் தூக்கி
எத்தனை பெட்டி தப்பியது என்று எண்ணினான்.
மூன்று.
பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

கறை: பதினான்கு, பழுப்பு, மிளகளவு.
கிழிசல்: ஒன்று, இடது ஓரம், இரண்டு சென்டிமீட்டர்.
மீன்காரியின் கன்னத்துச் சிவப்பு
கோட்டைத் தாண்டிக் காதுவரை போயிருக்கிறது.
அது சேதம் இல்லை, அவசரம்.
இந்தக் கேலிச்சித்திரங்களுக்குச் சிலவேளை
சிறுவர்கள்தான் மேசை சுற்றி இருந்து வண்ணம் பூசினார்களாம்,
டோரீன் சொன்னாள், தலை நிமிராமல்.
ஒருத்திக்குச் சிவப்பு மட்டும்.
பக்கத்தில் இருப்பவனுக்கு நீலம்.
நூறு தாள், நூறு மூக்கு, நூறு கன்னம்,
பிறகு விளக்கு அணைப்பு.
நகைச்சுவை அவளுக்கு விளங்கியிருக்குமோ,
அல்லது சிவப்பு வைக்கும் இடம் மட்டும்தானோ.

பூதக்கண்ணாடியை வலது ஓரத்துக்கு நகர்த்தினேன்.
தெரு முடிந்து வெறுந்தாள் தொடங்கும் இடத்தில்
ஒரு பெருவிரல் ரேகை. சிவப்பு. பாதி.
என் சுண்டுவிரலை மேலே பிடித்துப் பார்த்தேன், தொடாமல்.
என்னுடையது பெரிது.

கனவானின் பெயர் அடியில் அச்சாகியிருக்கிறது,
கேலிக்காகவேனும்.
விற்ற கடையின் விலாசம் இருக்கிறது, விலையும் இருக்கிறது:
வெறுந்தாள் ஒரு ஷில்லிங், வண்ணத்தில் இரண்டு.
அந்த இரண்டாவது ஷில்லிங்கில்
அவளுக்கு எவ்வளவு என்று இல்லை.

இருபத்தாறு நிமிடம்.
நான்கு கட்டங்களிலும் அது அடங்கவில்லை.
கீழே, குறிப்புகள் என்ற இடத்தில் எழுதினேன்:
வலது ஓரம், ஒரு சிறுமி.

மறுநாள் காலை அறிக்கை திரும்பி வந்தது.
என் வரிக்குக் கீழே டோரீனின் சாய்ந்த எழுத்து:
கறை, பதினைந்து.
என் வரியை அவள் அழித்திருக்கலாம்.
அழிறப்பர் அதே லாச்சியில்தான் கிடக்கிறது.