இடது கை

ஜன்னல் பக்கத்துக் கை அது.
முப்பத்தொரு வருஷம்
மாந்தோனிலிருந்து மலையேறும் பேருந்தில்
ஸ்டியரிங்கின் மேல் கிடந்து
வெயில் குடித்த கை.

மருந்துக்கடை மேசையில்
இரண்டையும் விரித்து வைக்கிறாள் கிலேன் ஒரெங்கோ.
"ரெண்டும் ஒரே நாளில் பிறந்ததுதான்.
இது மட்டும் எப்படி அக்காள் ஆனது?"

வலக்கையில் நாலைந்து புள்ளி.
இடக்கையில் எண்ணி மாளாது:
உளுந்தளவில், மொச்சையளவில்,
மணிக்கட்டருகே ஒன்று
கோர்சிகாத் தீவின் வடிவில்.
கல்லறைப் பூக்கள் என்போம் எங்கள் மொழியில்.
பெயர் வைத்தவன் யாரோ,
நல்லவனாக இருந்திருக்க மாட்டான்.

செய்ததையெல்லாம் சொல்கிறாள்,
குற்றத்தை ஒப்புக்கொள்கிறவளைப் போல.
பிப்ரவரி முழுக்க மோர்.
பூனை நக்கிப் போனதுதான் மிச்சம்.
பிறகு வெங்காயச் சாறும் வினிகரும்;
"சாலட் தயாரா?" என்றாளாம் எதிர்வீட்டு ஜோஸ்லின்.
உருளைக்கிழங்குத் துண்டு. விளக்கெண்ணெய்.
கடைசியில்,
இந்த ஊரில் பிறந்துவிட்டு வேறென்ன செய்வது,
எலுமிச்சை.

தேய்த்தாள். கழுவவில்லை.
அப்படியே சந்தைக்கு நடந்தாள்
ஜூலை உச்சிப்பொழுதில்.

இப்போது கட்டைவிரல் அடியிலிருந்து
முழங்கை வரைக்கும்
சாறு வழிந்த தடத்திலேயே
புதிதாய் ஒரு பழுப்பு ஆறு.

"எலுமிச்சையும் வெயிலும்
தோலில் சந்தித்தால் சண்டைதான், மேடம்."
ஈரத்துணி, நிழல், மாதக்கணக்கில் பொறுமை.
ஓரம் கோணிய அந்தக் கரும்புள்ளியை மட்டும்
தோல் மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும்.
தலையாட்டுகிறாள்.
போகவில்லை.

"சீட்டாடும்போது," என்கிறாள், தராசிடம் சொல்வதைப் போல,
"சீட்டைப் பிடிப்பது இடக்கையில்தானே.
எதிரில் இருப்பவர் கண்
வேறெங்கே போகும்?"

எதிரில் யார் என்று நான் கேட்கவில்லை.
வியாழன்தோறும் எல்லை தாண்டி
வென்டிமிலியாவிலிருந்து ஒருவர்
பெலோத் ஆட வருவது
தெருவுக்கே தெரியும்.
தெருவுக்குத் தெரியாதது:
போன வாரம் அவரும் வந்தார் இங்கே,
தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு,
வழுக்கையில் பூத்திருப்பவற்றைக் காட்டி
"வீட்டிலேயே செய்யக்கூடியதாக
ஏதாவது?" என்று கேட்க.

மருந்து விற்கிறவளுக்கு வாய் கிடையாது.
வெயிலுக்கான களிம்பொன்றைப் பையிலிட்டேன்,
அவருக்குக் கொடுத்த அதே களிம்பு.

"வியாழனுக்குள் மறையுமா?"
"மறையாது."
"தொலையட்டும்," என்று
இடது கையாலேயே
சில்லறையை எண்ணி வைத்தாள்.
நாணயங்களில்
இன்னும் எலுமிச்சை மணம்.