சத்தம் போன பிறகு

மூன்று நாள் கொக்குவிலில்
கட்டையில் நின்றது பஜிரோ.
லோவர் ஆம் புஷ் எல்லாம் வெடித்திருந்தது.
போல் ஜொயின்ற், ஆடுகிற பல்.
பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்த பெட்டியில்
இரண்டும் வலப்பக்கச் சாமான்;
இன்னுமோர் இரவு.
ஒரு போல்ற்றை
ஊர்காவற்றுறை உப்பு விழுங்கியிருந்தது.
சுட்டு, அடித்து, தூசணம் சொல்லி,
கடைசியில் அறுத்துத்தான் எடுத்தோம்
நானும் றெஜினோல்டும்.
"இனி ஒரு சத்தமும் வராது, அண்ணை."

வரவில்லை.
பண்ணை வீதிக் குழிகளில்
முன்சில்லுகள் பூனைபோல் இறங்கி ஏறின.

ஆறு மாதமாய்
சுபத்திராவுக்கும் எனக்கும் நடுவில்
டக் டக் என்று
பேசிவந்தது அது மட்டும்தான்.

மண்டைதீவுச் சந்தி.
அவள் கண்ணாடியை இறக்கினாள்,
ஏற்றினாள்.
அலைன்மென்ற் இன்னும் பார்க்கவில்லை.
கையைத் தளர்த்தினால்
ஸ்டியறிங் மெல்ல
அவள் பக்கம் போகிறது.