எத்தனை எட்டு

பிப்ரவரியில்தான் எல்லோருக்கும் கடல் ஞாபகம் வருகிறது.
இந்த அலுவலகத்தில் நானும்
முனகுகிற ஒரு ஹீட்டரும்.
தொலைபேசி மட்டும்
ஏற்கெனவே ஜூலையில் இருக்கிறது.

ஹேட்டரஸ் தீவில்
வாடகை வீடுகளுக்குச் சாவி கொடுப்பவள் நான்.
வெர்னா காஸ்கில்.
மேசைமேல் பெயர்ப்பலகையில்
முதல் எழுத்தை உப்பு தின்றுவிட்டது.

யங்ஸ்டவுனிலிருந்து ரெனாட்டா ஹ்ராபாக் பேசுகிறாள்.
அங்கே பனி அள்ளுகிற சத்தம்.
பதினோரு பேர் வருகிறார்களாம்,
கட்டம் போட்ட தாளில்
யார் எங்கே படுப்பது என்று வரைந்தாயிற்றாம்.
குறட்டை விடும் மச்சானுக்குக் கீழ்த்தளம்.
விவாகரத்தான தங்கைக்கு ஒற்றைக் கட்டில்,
ஆனால் பார்த்தால் ஒற்றைக் கட்டில் போலத் தெரியக்கூடாது.
பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிக்கு
ஆளுக்கொரு பக்கத்து பால்கனி.
தொட்டில் உண்டா, நண்டு அவிக்க அண்டா உண்டா,
நாய் வரலாமா, விரிப்புகள் நீங்கள் தருவீர்களா.
எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது என்னிடம்.

அப்புறம் கேட்டாள்:
"வாசற்படியிலிருந்து அலைக்கு எத்தனை எட்டு?
மாமனாருக்கு முழங்கால் சரியில்லை."

வீட்டின் பெயர் 'இரண்டாம் மூச்சு'.
பதினான்கு மரக்கால்களில் நிற்கும்,
இறங்கலாமா வேண்டாமா என்று
யோசிக்கிற கொக்கு மாதிரி.
விளம்பரத் தாளில் நூற்றிருபது எட்டு என்றிருக்கிறது.
அச்சடித்த அன்று அது நிஜம்.
போன வசந்தத்தில் எழுபத்தெட்டு.
அக்டோபர் காற்றுக்குப் பிறகு நான் அளக்கவில்லை.
அளந்தால் டில்மனிடம் சொல்ல வேண்டும்.
சொன்னால் அவன் வங்கியிடம் சொல்ல வேண்டும்.

"கொஞ்சம் இருங்கள்," என்றேன்.

செல்போனைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
சாலையைத் தாண்டினேன்.
நெடுஞ்சாலைக்காரர்கள் மணலைக் கிழக்கே தள்ளிக்கொண்டிருந்தார்கள்,
முந்தாநாள் தள்ளிய அதே மணல்.
ஓட்டுநர் கையாட்டினான். நானும் ஆட்டினேன்.
தேய்கிறது தேய்கிறது என்பார்கள் வெளியூர்க்காரர்கள்.
தேயவில்லை.
தீவு புரண்டு படுக்கிறது,
கடலுக்கு முதுகைக் காட்டி, உப்பங்கழிப் பக்கமாக.
நாங்கள்தான்
தூங்குகிறவன் மேல் கட்டிலைப் போட்டு
ஆணி அடித்துவிட்டோம்.

படியில் குதிகாலை வைத்துத் தொடங்கினேன்.
இருபதில் கழிவுத்தொட்டியின் மூடி
மண்ணுக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது.
முப்பதில் யாருடையதோ வேலி.
நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டை அலை எடுத்துக்கொண்டது,
பூட்ஸுக்குள் நிறைத்து.

"அந்தச் சத்தம் கடலா?" என்றாள் பையிலிருந்து ரெனாட்டா.
"ஆமாம்."
"எத்தனை?"
"நாற்பத்தொன்று."
"அட, போன தடவையைவிடப் பக்கம்!
அப்பாவே நடந்து போய்விடுவார்."
"ஜூலையில் இன்னும் பக்கமாக இருக்கலாம்," என்றேன்.
சிரித்தாள்.
சிரிக்கும்படியாகத்தான் சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

"பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்."
"மழைக்கா?"
"மழைக்கும்."

பதிவேட்டில்
பதினோரு பேரையும் பேனாவால் எழுதினேன்.
வீட்டின் பெயரைப் பென்சிலால்.
ஹீட்டரின் அருகில் வலது பூட்ஸ்
ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் எனக்கு ஒரு வாரம் விடுப்பு உண்டு.
எங்கே போவது என்று இரண்டு வருடமாக யோசித்து
இன்று மாலை
கன்சாஸில் ஒரு சின்ன விடுதிக்கு போன் செய்தேன்.
தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டேன்.
"நீச்சல் குளமா?"
"இல்லை. எந்தத் தண்ணீரும்."
மாடு குடிக்கிற குட்டை ஒன்று
நாலு மைலில் இருக்கிறதாம்.
"அது வருமா?" என்றேன்.
"எங்கே?"
"வீட்டுப் பக்கம்."

பையன் சிறு வயது போல.
வெகுநேரம் பேச்சில்லை.
பிறகு, "கொஞ்சம் இருங்கள்," என்றான்.
நாற்காலி நகர்ந்தது,
கதவு திறந்தது,
பார்ப்பதற்காக எழுந்து போனான்.