கொப்பியில் இல்லாத நிரல்

பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால்
அரைக் குளிசை.
பகல் முழுக்க இதைத்தான் சொல்கிறேன்
வெள்ளவத்தைச் சந்தைக்கு எதிரே, பாமசியில்,
மூக்கொழுகும் பிள்ளைகளின் தாய்மாருக்கு.
நிறை கேட்பேன். ஒவ்வாமை கேட்பேன்.
மருந்து மூடியில் கோட்டைக் காட்டி
இதுவரைக்கும்தான் என்பேன்.

என் பிள்ளைக்குப் பதினொன்றரை.
"கார்ட்டூன் இல்லையம்மா, அனிமே" என்கிறான்,
பாணில் ஜாம் பூசியபடி.
படத்தின் மூலையில் பதின்மூன்று என்று ஓர் எண்.
யார் போட்டது?
எந்த ஊர்ப் பிள்ளையை
எந்தத் தராசில் நிறுத்து?

மேல்மாடி நிரோஷி தன் மகளுக்கு
எல்லாவற்றையும் தடை செய்திருக்கிறாள்.
மகள் போர்வைக்குள் பார்க்கிறாள்.
அது எனக்குத் தெரியும், நிரோஷிக்குத் தெரியாது.

ஆகவே ஆதிஷன் நித்திரையானதும்
நானே முதலில் பார்த்தேன்.
ஒரு காதில் கருவி,
மறு காது அவனுடைய இருமலுக்கு.
கடைசி ரயில் கடலோரம் போகையில்
யன்னல் கண்ணாடி கொஞ்சம் நடுங்கும்;
அந்த அத்தியாயத்தில் அரக்கன் வந்தால்
இரண்டும் சேர்ந்துவிடும்.

சி.ஆர். கொப்பியில் நான்கு நிரல் கீறினேன்.
இரத்தம். உடுப்பு. கெட்ட வார்த்தை. பயம்.

இரண்டாம் பாகம்: கை ஒன்று துண்டாகிறது.
இரத்தம் கறுப்பு நிறம்.
(கறுப்புக்கு அரைப் புள்ளி போட்டேன்,
ஏனென்று கேட்டால் தெரியாது.)
நான்காம் பாகம்: அந்த வாத்தியாரம்மாவின் பாவாடை
இவ்வளவு கட்டையாக இருக்கத் தேவையில்லை,
கமெரா அங்கேயே குந்தியிருக்கவும் தேவையில்லை.
பேனை தாளைக் கிழித்தது.
ஐந்தாம் பாகம்: வசவு இரண்டு, கீழே எழுத்தில்.
யப்பானிய வாயில் அது
பக்கத்து வீட்டுக்குச் சீனி கேட்பதுபோலத்தான் இருந்தது.
ஆறாம் பாகம்: ஒன்றுமில்லை.
விளக்கேற்றும் பையனின் அப்பா கப்பலேறுகிறார்,
கை காட்டுகிறார்,
பையன் காட்டவில்லை.
பரவாயில்லை
என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை, மழை,
இருவரும் ஒரு போர்வைக்குள்.

கை துண்டானபோது சிரித்தான்.
"பாருங்கோ, அரக்கனுக்குக் கண்ணே வரையேல்லை,
அவங்களுக்கு நேரம் மிச்சம்."
வாத்தியாரம்மா வந்தபோது
காது சிவந்து
பத்து நொடி தானே தள்ளிவிட்டான்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
அவனும் மின்விசிறியைத்தான் பார்த்தான்.

கப்பல் வந்தது.
தண்ணி விடாய்க்குது என்று எழும்பிப் போனான்.
குசினியில் குழாய் திறக்கும் சத்தம்.
மூடும் சத்தம் இல்லை.
"நிப்பாட்டவா?"
"வேண்டாம். ஓடட்டும்."
திரையில் கை அசைந்தது, சிறுத்தது,
புள்ளியானது.
குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

போன வருடம் கட்டுநாயக்கா,
கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இவர்
தோஹாவுக்கு நின்று கை காட்டியபோது
ஆதிஷன் குனிந்திருந்தான்.
சப்பாத்து நூல் கட்டினேன் என்றான்.
அன்றைக்கு அவன் போட்டிருந்தது
ஒட்டுப்பட்டிச் செருப்பு.
எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

திரும்பி வந்து உட்கார்ந்தான்,
கையில் தண்ணீர் இல்லை.
நானும் கேட்கவில்லை.
போர்வையை அவன் பக்கம் இழுத்துவிட்டேன்.

இரவு கொப்பியைத் திறந்தேன்.
பரவாயில்லை என்பதை வெட்டவில்லை.
பக்கத்தில் சின்னதாக:
தனியே பார்க்க வேண்டாம்.
யார் என்று எழுதவில்லை.

ஏழாம் பாகம் நாளைக்கு.
"அந்தக் கப்பல் திரும்பி வருமா?" என்றான்,
லைட்டை அணைத்த பிறகு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு.
எட்டு வரை பார்த்து முடித்தவள் நான்.
"பார்ப்போம்" என்றேன்.