எட்டு

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள்.
இடையில் பதினைந்து என்றொரு வயது இருக்கிறது,
அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

எய்டிசுக்குப் பதினைந்து.
குனிந்தால் முழங்காலோடு நின்றுவிடுகிறது கை.

இசாஃபியோர்துரில் நவம்பர் கடைசியில்
மலைக்குப் பின்னால் போகிற சூரியன்
லேசில் திரும்பாது.
தை பிறந்தும் பத்து நாள்
வழி பிறக்காத ஊர்.

கைப்பந்து அணியிலிருந்து அவள் பெயரை எடுத்த வாரம்,
நூலகம் கழித்துப் போட்ட பெட்டியில்
ஒற்றை நாணயத்துக்கு வாங்கினாள்
சூரிய நமஸ்காரப் புத்தகத்தை.
பகலெல்லாம் கால் ஓடிய உடம்பில்
இப்போது இரவெல்லாம் நெஞ்சு ஓடுகிறது,
அதை யாரிடமும் சொல்லவில்லை.
பன்னிரண்டு நிலைகள் என்றது அட்டை.
எட்டாம் படத்தோடு கிழிந்திருந்தது.

காலை ஆறரை. வெளியே நள்ளிரவு போல.
துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் கட்டிலுக்கும் நடுவே
கூடார வாடை போகாத ரப்பர் விரிப்பு.
இல்லாத சூரியனுக்கு ஒரு கும்பிடு.
எந்தத் திசையில் என்று தெரியாமல்
இயந்திரத்தின் பச்சை விளக்கைப் பார்த்துக் கும்பிட்டாள்.

இரவுப் பணி முடிந்து
இறால் ஆலையிலிருந்து வந்த அம்மா தோர்டிஸ்
மகளின் கால்களைத் தாண்டிப் போய்
காலுறை எடுத்துக்கொண்டு
மறுபடியும் தாண்டிப் போனாள்.
"வாசலில் பனி வழித்துவிடு" என்றாள், அவ்வளவுதான்.

எட்டாம் நிலைக்கு நாயின் பெயர்.
இடுப்பு மேலே, தலை கீழே.
பழுப்பு நாய் மோரி கொஞ்ச நேரம் பார்த்தது,
எழுந்து முன்னங்கால் நீட்டி
புத்தகத்தைவிடச் சரியாகச் செய்து
கொட்டாவியும் விட்டது.
அதற்கப்புறம் பக்கமில்லை.
அப்படியே சரிந்து விழுந்து கிடப்பாள்,
அதையே ஒன்பதாம் நிலை என்று வைத்துக்கொண்டாள்.

ஆலை கொடுத்த நாட்காட்டியில் சிவப்பு வட்டங்கள்.
ஐந்து.
பிறகு ஒரு வெள்ளைக் கட்டம், காய்ச்சல்.
பிறகு இரண்டு, கணக்குத் தேர்வு.
பிறகு ஆறு கட்டங்கள், வெறும் சோம்பல்.
வேறு பெயர் அவளும் தேடவில்லை.
பிறகு ஒரு வட்டம், பாதி போட்டது,
மூன்றாம் நிலையிலேயே அழுத நாள்.

டிசம்பரில் ஒரு காலை
எட்டில் நின்று கை நடுங்கிக்கொண்டிருந்தபோது
விழப் போன உடம்பு விழாமல்
பின்னே போட்ட காலை முன்னே எடுத்து வைத்தது.
நாலாவதாக வந்த இடம்.
அங்கிருந்து மூன்றாவது தெரிந்தது.
மூன்றிலிருந்து இரண்டு.
கடைசியில் கும்பிட்டபடி நின்றாள்,
தொடங்கின இடத்திலேயே.
கிழிந்த பக்கத்தில் புதிதாக ஒன்றும் இருந்திருக்காது,
போன வழிதான்.
சிரிப்பு வந்தது. கொஞ்சம் ஏமாற்றமும்.

ஜனவரி இருபத்தைந்து.
ஊரே தெருவில் நின்று
அப்பத்தில் ஜாம் தடவி
வெயில் காப்பி குடித்தது, வெயில் இல்லாமல்.
மேகம் ஒரு மூன்று நிமிடம் விலகியதாம்.
அந்த மூன்று நிமிடமும் எய்டிஸ்
பள்ளிக் கழிப்பறை வரிசையில் நின்றாள்.

போதும் என்று தோன்றியது.
மறுநாள் அலாரத்தை அடக்கிவிட்டு
போர்வையைத் தலைக்கு மேல் இழுத்தாள்.

டக், டக் என்று தரையில் நகம்.
சுருட்டி வைத்த விரிப்பின் பக்கத்தில் மோரி.
கொஞ்சம் பார்த்தது, பிறகு தானாக நகர்ந்து
சரியாக ஒரு விரிப்பின் அகலம் விட்டு
தாடையைத் தரையில் வைத்துப் படுத்தது.

பழக்கம் முதலில் நாய்க்கு வந்துவிட்டிருக்கிறது.

திட்டிக்கொண்டே எழுந்தாள்.
பச்சை விளக்குக்குக் கும்பிடு.
கை தூக்கி, குனிந்து.
கால்விரல் இன்றைக்கும் எட்டவில்லை,
கணுக்கால் எட்டியது.

வட்டம் போடப் பேனாவைத் தேடினாள்,
கிடைத்ததில் மை இல்லை.
அம்மா இன்னும் வரவில்லை, வாசலில் பனி,
பள்ளிக்கு நேரமாகிவிட்டது.