விளக்கை அணை

எல் ஆல்ட்டோவில் எல்லா வண்டிக்கும் மூச்சு வாங்கும்.
நாலாயிரம் மீட்டர் உயரம், காற்றே கடனுக்குத்தான்.
அதனால் இங்கே பழைய கார் விற்பவனுக்குப்
பொய் சொல்லும் சிரமம்கூட இல்லை.
"மலை அப்படி" என்றால் போதும்.

எலெயுத்தேரியோவும் அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.
வெள்ளை டொயோட்டா. ஜப்பானில் வலப்பக்கம் இருந்த ஸ்டீயரிங்கைப்
பிடுங்கி இடப்பக்கம் நட்டிருந்தார்கள்;
பழைய ஓட்டையில் துணி.
கதவில் ஒசாகாவின் ஏதோ பாலர் பள்ளி வரைந்த முயல்
இன்னும் கையசைத்துக்கொண்டிருந்தது.

"இறங்கும்போது குதிரை, டோன்யா ஹெனோவேவா.
லா பாஸ் பள்ளத்திலிருந்து நாலு பேரை ஏற்றிக்கொண்டு திரும்பினால்
இழுவையே இல்லை. மிஸ்ஸிங் அடிக்கிறது.
நேற்று ஒரு கிழவி இறங்கி
என்னைவிட வேகமாக நடந்து போய்விட்டாள்."

எனக்கு முன்னால் இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.
ஒருவர் பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார்.
இன்னொருவர் காசை மாற்றினார்,
அவன் பையிலிருந்து தன் பைக்கு.

யாரிடம் வாங்கினாய் என்றேன்.
"ரெமிஹியோவிடம். என் மகளுக்கு ஞானத்தகப்பன்."
கூடப்பிறந்தவனைவிட மேல் என்று
அவன் சொல்லவில்லை; முகம் சொன்னது.

கம்ப்ரஷன் பார்த்தேன்.
குறைவுதான், ஆனால் நாலு சிலிண்டரிலும் ஒரே குறைவு.
மலை பாரபட்சம் பார்க்காது.
பிறகு என்ஜினை ஓடவிட்டு
ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி மாட்டினேன்.
முதலாவதைக் கழற்ற, தடுமாறியது.
இரண்டாவதுக்கு உதறியது.
மூன்றாவதைக் கழற்றினேன்,
என்ஜினுக்கு அது தெரியவே இல்லை.

இருந்தாலும் போனாலும் ஒன்றுதான் என்றால்
அங்கேதான் நோவு.

பிளக்கை வெளியே எடுத்தால் ஈரம், பெட்ரோல் வாடை.
புதுசு போட்டேன். அதுவும் நனைந்தது.
வெயிலில் வயர் நல்ல பிள்ளையாகக் கிடந்தது.
சரி, இருட்டட்டும் என்றேன்.
அவன் புரியாமல் பார்த்தான்;
எல்லோரும் வெளிச்சம் கேட்பார்கள்.

ஏழு மணிக்குப் பட்டறையின் பல்பை அணைத்தேன்.
துணி தேய்க்க வைத்திருக்கும் தண்ணீர்த் தெளிப்பான்,
ஒரே ஒரு பீச்சு, பனிமாதிரி.
ஆக்சிலேட்டரை மிதி என்றேன்.

அப்போது பார்த்தோம்.
மூன்றாவது வயரின் விலாவிலிருந்து
நூல் மாதிரி ஒரு நீலம்
டிக் டிக்கென்று இரும்புக்குத் தாவிக்கொண்டிருந்தது.
மேலே போய்ச் சேரவேண்டிய நெருப்பு
வழியிலேயே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.
இங்கத்திய மெல்லிய காற்றில்
அதைத் தடுக்க யார் இருக்கிறார்கள்?

அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

பல்பைப் போட்டேன்.
உறையை விலக்கினால், கறுப்பு வயரில் கறுப்பு டேப்,
இழுத்து நேர்த்தியாக மூன்று சுற்று,
முனை முக்கோணமாக மடிக்கப்பட்டு.

எலெயுத்தேரியோ விரலால் அந்த மடிப்பைத் தொட்டான்.
"மகளுக்குச் செருப்பு கொண்டுவந்த பெட்டியிலும்..."
அதோடு நிறுத்திக்கொண்டான்.

நான் மெக்கானிக், பாதிரியார் இல்லை.
இருந்தாலும் வாய் வந்தது:
ஒசாகாவில் எவனாவது ஒட்டியிருப்பான்.
அவன் முயலைப் பார்த்தான்.
"இருக்கலாம்" என்றான். "இருக்கலாம்."

புது வயர் செட் போட்டதும்
நாலும் ஒரே குரலாகின.
கொஞ்சம் சாராயத்தை மண்ணுக்கு ஊற்றினான்,
பிறகு நாலு டயருக்கும்.
எனக்கு மறந்துவிட்டான்.

பழைய வயரைக் கேட்டு வாங்கி
செய்தித்தாளில் சுற்றி
முன் இருக்கையில் வைத்துக்கொண்டான்,
ஆள் உட்காரும் இடத்தில்.

ஞாயிற்றுக்கிழமை ரெமிஹியோ வீட்டில் பன்றி வறுவல் விருந்தாம்.
போனானா, பொட்டலத்தையும் கொண்டுபோனானா, தெரியாது.
அன்று மத்தியானம் மேட்டுச் சாலையில்
வெள்ளை டொயோட்டா ஒன்று பஸ்ஸை முந்தி ஏறியதைப்
பக்கத்துக் கடைக்காரி பார்த்திருக்கிறாள்.

எனக்கு இன்னும் அறுபது பொலிவியானோ பாக்கி.