இடது மூலை

தங்கச்சிமடம் மாதா கோயில் திருவிழா, எட்டாம் நாள் இரவு.
கச்சான் காற்று மைக்கில் ஊதிக்கொண்டிருந்தது.
எமரிட் குனிந்து பலகையைத் தொட்டு ஏறினான்,
நடுக்கோட்டைத் தொட்டுப் பாடப் போகிறவனாட்டம்.

“பெங்களூருல என்னை ஏலம் எடுத்தாங்க. பதினெட்டு லட்சம்.
அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.
‘ஐஸ் வச்சுத்தானேடா அனுப்புவாங்க?’ன்னு கேக்குது.”

மீன் விற்கும் பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள்.

“அப்புறம் ஒருத்தன் என் முழங்கால்மேல விழுந்தான்.
எந்திரிக்கவே இல்ல.
வாடகை கேட்டிருக்கணும்.”

பேர் சொல்லவில்லை.
கடைசி வரிசை, இடது ஓரம்,
ஐஸ் பிளான்ட் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.
கோச் தலையில் அடித்துக்கொள்வார் அப்போதெல்லாம்:
அவன் காலை முழுசா ஊனட்டும்டா,
அதுக்குள்ள என்ன அவசரம்?

பின்னால் நகரும்போதும்
கூட்டத்துக்கு முதுகு காட்டவில்லை அவன்.
வலது காலை மட்டும்
இரவல் வாங்கியதுபோல் பார்த்துப் பார்த்து வைக்கிறான்.
என் கண் அந்தக் கணுக்காலைவிட்டு வரவில்லை.
விரல்கள் தன்னால் விரிகின்றன.

அன்று பாட்டு அறுந்தால் அவுட்.
இன்று அவனே அறுக்கிறான்.
நின்று, எல்லார் முன்னாலும் மூச்சு விட்டு,
சிரிப்பு வந்து தன்னைத் தொடட்டும் என்று நிற்கிறான்.

ஒரு இடத்தில் வரவில்லை.
ராமநாதபுரம் எலும்பு டாக்டரைப் பற்றிச் சொன்னபோது.
ஜெனரேட்டர். காற்று. எங்கோ ஒரு பிள்ளையின் இருமல்.
அவன் பார்வை கூட்டத்தைத் துழாவி
இடது மூலைக்கு வந்து நின்றது.

சிரித்துவிட்டேன், சத்தமாக.

அவன் இன்னும் முடித்திருக்கவில்லை.